வெயிலை வடிகட்டிய தாள்!

‘கொல்லிமலையில் இருந்துகொண்டு வெயிலைப் பற்றிக் கடிதமா?’ என்று கீழ்நாட்டு வாசகிகள் சிரிக்கலாம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் காற்று சில்லென்றுதான் இருக்கும். ஆனால் மேற்கு பார்த்த கண்ணாடி ஜன்னல் வழியாக விழும் வெயில், மலை என்றும் பார்ப்பதில்லை, கீழ்நாடு என்றும் பார்ப்பதில்லை.

பைல் நாட்டில் நாங்கள் முன்பு இருந்தது மண் சுவரும் புல் கூரையுமான வீடு. ஜன்னல் என்று பெயருக்கு ஒரு பொந்து. தளம் போட்ட வீடு கட்டியபோது ஆசை ஆசையாகப் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்தோம். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கும் என் மாமியாருக்கு அந்த அறையைத்தான் கொடுத்தோம். பலா மரமும் பஸ் வரும் ரோடும் தெரியும். அதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

போன பங்குனியில் ஒரு நாள், மரவள்ளிக் காட்டிலிருந்து நான்கு மணிக்கு வந்து பார்க்கிறேன், அத்தைக்கு நாக்கு வறண்டு என்னையே அடையாளம் தெரியவில்லை. உடம்பு நெருப்பாகச் சுட்டது. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே நர்சம்மாவுக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்து பார்த்துவிட்டு, “இந்த ரூம்ல மத்தியானம் படுக்க வைக்காதீங்கம்மா, பெரிய உசிரு போயிடும்” என்றார். எனக்குக் கை கால் உதறிவிட்டது.

கெட்டித் திரை போட்டேன். “என்னை இருட்டுல அடைச்சிட்டியாடி?” என்று அத்தை அழுதார். அடுத்த அறைக்கு மாற்றினால் அங்கே பார்க்கச் சுவர்தான் இருக்கிறது. அப்போதுதான் என் தம்பி சன் கண்ட்ரோல் பிலிம் பற்றிச் சொன்னான்.

வேறொன்றும் இல்லை, மெல்லிய பாலியெஸ்டர் தாள். நல்ல ரகத்தில் கண்ணுக்கே தெரியாத உலோகப் பூச்சு இருக்கும். வெயிலில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்தானாம். அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து உள்ளே விடும். அத்தைக்கு ரோடு தெரியும், சுடவும் சுடாது.

முதலில் ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கடையில் விலை மலிவு என்று கறுப்புச் சாயத் தாளை வாங்கி ஒட்டினோம். வெளிச்சம்தான் போனது, கண்ணாடி அடுப்புக் கல் மாதிரி காய்ந்தது. ஆறே மாதத்தில் ஊதா நிறமாகிக் கொப்புளம் விட்டுவிட்டது. சாயம் மட்டும் ஏற்றிய தாள் வெயிலைக் குடித்துக்கொள்ளுமே தவிர, அவ்வளவாகத் திருப்பி அனுப்பாது. வாங்கும்போது, ‘வெளிச்சத்தை எவ்வளவு தடுக்கும்’ என்று கேட்காமல், ‘சூட்டை எவ்வளவு தடுக்கும்’ என்று கேளுங்கள்.

இரண்டாம் தடவை ஒட்டியது நானும் தம்பியும்தான். கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, பிளேடால் சுரண்டி, ஒரு தூசு இல்லாமல் துடைத்தோம். மறுபடி சோப்புத் தண்ணீர் தெளித்து, உள்பக்கம் தாளை வைத்து, ரப்பர் வைப்பரால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினோம். சின்னச் சின்ன நீர்க்குமிழ் நின்றால் பயப்பட வேண்டாம், சில வாரத்தில் தானே காய்ந்துவிடும். கம்பி வலை பதித்த கண்ணாடியாக இருந்தால் மட்டும் ஒட்டாதீர்கள். சூட்டில் விரிசல் விடலாம்.

பக்கத்து வீட்டு அக்கா, “இதை ஒட்டினா போலீஸ் பிடிக்குமாமே” என்று பயமுறுத்தினார். 2012 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் தடை சொன்னது கார் முதலான வண்டிக் கண்ணாடிகளுக்கு. வீட்டு ஜன்னலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு விஷயம், பெண்கள் அவசியம் கவனிக்க வேண்டியது. பகலில் வெளியே இருந்து பார்த்தால் உள்ளே தெரியாது. ராத்திரி விளக்குப் போட்டால் தலைகீழ்! உள்ளே நடப்பதெல்லாம் சினிமா மாதிரி தெரியும். அதனால் இருட்டியதும் திரை போட்டே ஆக வேண்டும்.

இந்தத் தாள் எல்லாச் சூட்டுக்கும் மருந்து என்று சொல்லமாட்டேன். சித்திரை பிறந்த ஒரு வாரத்துக்குள் நம் பக்கம் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும். அப்போது சூடு இறங்குவது தளத்தின் வழியாக. அதற்கு மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். சாய்ந்து வரும் மேற்கு வெயிலுக்குத்தான் பிலிம். உண்மையைச் சொன்னால், ஜன்னலுக்கு வெளியே அவரைப் பந்தல் போட்டால் இதைவிட நன்றாகவே குளிரும். வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடும் அல்லவா? ஆனால் பந்தல் ரோட்டை மறைக்கும் என்று அத்தை ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது மத்தியானத்தில் தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காட்டுக்குப் போகிறேன். நேற்று என் நாத்தனார் பஸ்ஸை விட்டு இறங்கியதை அத்தைதான் முதலில் பார்த்து, “உலை வைடி, அவ வந்துட்டா” என்று குரல் கொடுத்தார்.

— ஒரு வாசகி, பைல் நாடு, கொல்லிமலை.