வாயில்லா உயிர்களோடு ஒரு நாள்

பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவைத்த நம் ஊர்களில் பெரிய வீடுகளுக்குக் குறைவில்லை. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் என எங்கு சென்றாலும் அகன்ற முற்றங்களைக் காணலாம். ஆனால் அவ்வீடுகள் பலவற்றில் வசிப்போர் இருவர், சிலவற்றில் ஒருவரே. இவ்வூர்களிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தோரின் அடுக்ககங்களிலும் நிலை வேறல்ல. மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் கைப்பேசித் திரையில் முகம் காட்டுகிறார்கள், நலம் விசாரிக்கிறார்கள். திரை இருண்டதும் வீட்டின் அமைதி முன்பைவிடக் கனத்துவிடுகிறது. கணவர் அயல்நாட்டில் உழைக்க, இங்கே தனித்திருக்கும் இளம் மனைவியரும் இந்த அமைதியை நன்கறிவர்.

இதனைச் சிறு மனக்குறை என்று ஒதுக்கிவிட இயலாது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025 ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆண்டுதோறும் 8 லட்சத்து 71 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இறப்புகளைத் தனிமையோடு தொடர்புபடுத்துகிறது அவ்வறிக்கை.

தனிமையின் வேர் எங்கே இருக்கிறது? பேச ஆளில்லை என்பதைக் காட்டிலும், நம்மால் எவருக்கும் ஆகவேண்டியது இனி ஒன்றுமில்லை என்ற எண்ணமே உள்ளத்தை அரிக்கிறது. நாற்பது ஆண்டுகள் ஒரு குடும்பத்தையே பசியாற்றிய கைகள், செய்வதற்கு ஒன்றுமின்றி மடியில் கிடப்பதுதான் பெருந்துயரம். அக்கைகளுக்கு மீண்டும் வேலை தரும் எளிய வழி ஒன்று உண்டு. அது, ஆதரவற்ற வாயில்லா உயிர்களுக்குப் பணிவிடை செய்வது.

மார்க்கம் காட்டும் வழி

இது மேனாட்டார் கற்பித்த புதுமையன்று. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தம் காலுறையில் நீர் முகந்து, அதை வாயில் கவ்வியபடி மேலேறி வந்து புகட்டியவரின் பாவங்களை அல்லாஹ் மன்னித்தான் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள். கால்நடைகளுக்கு உதவினாலும் நமக்கு நற்கூலி உண்டா என்று தோழர்கள் வியந்து வினவியபோது, உயிருள்ள ஒவ்வொன்றின் பொருட்டும் உண்டு என்றே அவர்கள் விடையளித்தார்கள். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகம் புகுந்த செய்தியையும் புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் காண்கிறோம்.

நம் முன்னோர் இதனை அறநிலையமாகவே நடத்திக் காட்டினர். எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ் (மறைவு 1277), கெய்ரோவில் ஒரு தோட்டத்தைப் பூனைகளின் உணவுக்கென்றே எழுதிவைத்தார். 19ஆம் நூற்றாண்டில் அந்நகரில் வாழ்ந்த ஆங்கில அறிஞர் எட்வர்ட் லேன், காழியின் பொறுப்பில் நீதிமன்ற முற்றத்தில் அஸர் வேளையில் பூனைகளுக்கு உணவிடப்பட்டதைப் பதிவு செய்துள்ளார்.

காப்பகத்தில் என்ன செய்வது?

சென்னை கிண்டியில், வேளச்சேரி சாலையில் இருக்கிறது புளூ கிராஸ். விமானியான கேப்டன் வி. சுந்தரமும் அவர் குடும்பத்தாரும் 1959ஆம் ஆண்டு தொடங்கிய அமைப்பு அது. இத்தகைய காப்பகங்களில் அடிபட்டவை, கைவிடப்பட்டவை, முதுமையால் துரத்தப்பட்டவை எனப் பல உயிர்கள் அடைக்கலம் பெறுகின்றன. முன்கூட்டியே தொடர்புகொண்டு, தொண்டர்களை ஏற்கும் நாளும் நேரமும் கேட்டறிந்து செல்வது நல்லது.

வேலைகள் எளியவை. கூண்டைக் கழுவ வேண்டும், தண்ணீர்ப் பாத்திரத்தைத் துலக்க வேண்டும், உணவிட வேண்டும், விரிப்புகளைத் துவைத்து உலர்த்த வேண்டும். இவற்றைவிட அரிய வேலை ஒன்றும் உண்டு. அஞ்சி மூலையில் ஒடுங்கிய ஒரு பூனையின் அருகே சும்மா அமர்ந்திருப்பது! ஊழியர்களுக்கு அதற்கு நேரமிராது. தனித்திருப்போரிடமோ நேரம் நிறைய இருக்கிறது. உற்றுப் பார்க்காமல், கண்களை மெல்ல மூடித் திறந்தபடி, அதுவாக வரும்வரை காத்திருக்க வேண்டும். மனிதரிடம் அச்சம் நீங்கிய பூனைக்கு நல்லதொரு வீடு கிடைப்பதும் எளிதாகிறது. நம் தனிமையே அங்கே ஓர் உயிருக்கு உதவியாக மாறுகிறது.

பயன் நமக்கும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் 249 மாணவர்களைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், பத்தே நிமிடம் பூனை, நாய்களைத் தடவிக்கொடுத்தவர்களின் உமிழ்நீரில், மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் என்னும் சுரப்பு குறைந்திருந்தது. மேலும், அங்கே கூடவே வேலை செய்பவர்களோடு பேச்சு தானாகவே பிறக்கிறது. “மகன் எப்போது வருகிறான்?” என்று அங்கே எவரும் கேட்பதில்லை. “அந்தக் குட்டி இன்று சாப்பிட்டதா?” என்பதே பேச்சு.

கவனிக்க வேண்டியவை

நாயைத் தொடுவது குறித்து நம்மவர்க்குத் தயக்கம் இருப்பது இயல்பே. ஷாஃபிஈ மத்ஹபின்படி நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபிலும் அதன் எச்சில் அசுத்தமே. எனவே, நாய்களுக்குத் தொடாமலே உணவும் நீரும் வைக்கலாம். பூனை, ஆடு, மாடு, பறவைகளின் பணியைக் கேட்டுப் பெறலாம். பூனையோ அசுத்தமன்று. தாம் ஒளுச் செய்யும் நீரையே, வந்து நின்ற பூனை குடிக்கும்படி பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார் நபித்தோழர் அபூகத்தாதா (ரலி).

கடியோ கீறலோ பட்டால், அது பூனையுடையதாயினும், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனை சென்று வெறிநோய்த் தடுப்பூசி குறித்து ஆலோசனை பெற வேண்டும். கருவுற்ற பெண்கள் பூனையின் கழிவை அகற்றும் வேலையைத் தவிர்க்க வேண்டும். அதில் இருக்கக்கூடிய கிருமி கருவைப் பாதிக்கும்.

காப்பகம் இல்லாத ஊர்களில் என்ன செய்வது? கோடையில் வாசலில் ஒரு மண்சட்டித் தண்ணீர். மாடியில் ஒரு பிடி தானியம். நோயுற்ற ஓர் ஆட்டையோ பூனையையோ கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் செல்லும் சிரமம். இவையும் அதே பணிதான்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். உம்மாவுக்கு ஒரு பூனையும், வாப்பாவுக்கு ஒரு காப்பகமும் கிடைத்துவிட்டன என்று நிம்மதி கொண்டுவிடாதீர்கள். பெற்றோருக்குரிய கடமையை எந்தப் பூனையாலும் நிறைவேற்ற முடியாது. விடுமுறையில் ஊர் வரும்போது, ஒரு நாள் அவர்களோடு அந்தக் காப்பகத்துக்குச் சென்று பாருங்கள். உங்களை வளர்த்த அதே கைகள் இன்று யாரை வளர்க்கின்றன என்பதைக் காண்பீர்கள்.

மாதத்தில் ஒரு நாள் போதும். நம் வருகையை எதிர்பார்த்து ஓர் உயிர் கதவோரம் காத்திருக்கிறது என்ற எண்ணம், எஞ்சிய நாட்களையும் நகர்த்திவிடும். படைப்பினங்கள் மீது இரக்கம் கொள்வோராக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.