பறைக்கு ஏற்ற அறை: முட்டை அட்டை உதவாது

கணினி, மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ் மூன்றையும் கடனோ உடனோ வாங்கி, காலனி வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்யும் இளைஞர்களை இன்று பல ஊர்களில் பார்க்கலாம். 2018இல் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கானாவையும் ராப்பையும் ஒரே மேடையில் ஒலித்தது இவர்களில் பலருக்குத் துணிச்சல் தந்தது. வெளி ஸ்டுடியோக்களில் பறை இன்னமும் பெரும்பாலும் ஒரு ‘எஃபெக்ட்’தான். இரண்டு நிமிடம் அடிக்கச் சொல்லிப் பதிந்துகொண்டால் போதும், வேண்டிய பாட்டுக்கெல்லாம் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். அடித்தவருக்கு ஒரு நாள் கூலி. பதிவு நம் கணினியில் இருந்தால், அதை யாருக்கு, என்ன விலைக்குக் கொடுப்பது என்று நாமே முடிவு செய்யலாம்.

இடைஞ்சல் மைக்கில் இல்லை, அறையில் இருக்கிறது. பறையின் சத்தம் பெரிது. மைக்கைச் சில அடி தள்ளித்தான் வைக்க முடியும். தள்ளி வைத்தால் பறையோடு சுவர்களின் எதிரொலியும் பதிவாகும். தொகுப்பு வீட்டின் பத்துக்குப் பத்து கான்கிரீட் அறை இதற்கு மிக மோசமான வடிவம். எதிரெதிர்ச் சுவர்களின் இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருப்பதால் சுமார் 56 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஒலி தேங்கி ‘கும்’மென்று நிற்கும்.

இதற்குப் பலரும் செய்வது சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டுவது. மெல்லிய காகித அட்டை உச்ச ஒலியைத்தான் ஓரளவு உறிஞ்சும். சிண்டுக்குச்சியின் கூர்மையைத் தின்றுவிட்டு, அடிக்குச்சியின் கும்மலை அப்படியே விட்டுவைக்கும். தீப்பொறி பட்டால் குபுகுபுவென எரியும். தெர்மாகோலும் வீண்தான்.

கனமான, காற்று நுழையும் நார்ப்பொருள்தான் வேலை செய்யும். இரண்டடிக்கு நான்கடி மரச்சட்டம், நான்கு அங்குல ஆழம். உள்ளே 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் பலகை, இரண்டு அங்குலத்தில் இரண்டு. மேலே பருத்தித் துணி. பழைய வேட்டி போதும். துணியை வாயில் வைத்து ஊதினால் மூச்சு மறுபக்கம் போக வேண்டும், ரெக்சின் ஆகாது. ராக்வூலைத் தொடும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம், நார் தோலை அரிக்கும். காசு இல்லையென்றால் பழந்துணியையோ பனியன் கழிவையோ சட்டத்தில் திணிக்கலாம். ஓரளவு உதவும், எலியும் ஈரமும் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் மாட்ட வேண்டியது மூலைகளில், தரையிலிருந்து கூரை வரை. கும்மல் அங்கேதான் தேங்கும். அடுத்து அடிப்பவரின் தலைக்கு மேலும் பக்கச் சுவர்களிலும். சுவரை ஒட்டி அறையாமல் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டால் அதே சட்டம் இன்னும் கீழ் ஒலியையும் பிடிக்கும். கைதட்டிப் பாருங்கள், ‘டிர்ர்’ என்ற அதிர்வு அடங்கியிருந்தால் சரி.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்தச் சட்டங்கள் அறைக்குள் ஒலியைச் சீராக்கும், வெளியே போகும் சத்தத்தைத் தடுக்காது. அதற்குக் கனத்த சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். அது தனிச் செலவு. அதுவரை அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவிட்டுப் பகலில் பதிவு செய்வதே வழி.

இவ்வளவு துணியும் நாரும் உள்ள அறைக்குள் பறை காய்ச்ச நெருப்பு மூட்டவே கூடாது. வாசலில் காய்ச்சி, தோல் விறைப்பாக இருக்கும்போதே உள்ளே வந்து அடிக்க வேண்டும். மைக், அளவு எல்லாவற்றையும் முன்பே சரிபார்த்து வைத்திருந்தால் தோல் தளர்வதற்குள் பதிவை முடித்துவிடலாம்.