மென்பொருள் ஆக்கமும் வெளிக் களஞ்சியங்களும்

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் மாம்பழப் பருவம் வந்துவிட்டால் கூழ் ஆலைகளின் வாயில்களில் தோத்தாபுரிப் பழம் ஏற்றிய வண்டிகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். ஆலைக்கு வேண்டிய பழம் முழுவதையும் ஆலையே விளைவித்துக்கொள்வதில்லை. பல தோட்டங்களிலிருந்து தருவித்துக்கொள்கிறது. வரும் பழம் யாருடையது, எவ்வகையினது, எத்தன்மையது என்பவற்றை ஆராயாமல் கொப்பரையில் இட்டால் ஒரு கூடையின் பழுது அன்றையக் கூழ் அனைத்தையும் கெடுத்துவிடும். கணிப்பொறிக்கான மென்பொருளை ஆக்குவதிலும் இத்தகைய நிலைமையே உள்ளது.

பொதியும் களஞ்சியமும்

லினக்ஸ் முறையில் ஒவ்வொரு மென்பொருளும் ‘பொதி’யாகக் கட்டப்படுகின்றது. நிரல், அதன் பதிப்பெண், அது இயங்குவதற்குத் தேவையான பிற பொதிகளின் பட்டியல் ஆகியவை அப்பொதியில் அடங்கும். பொதிகள் அட்டவணையுடன் சேமிக்கப்பட்டுள்ள இடமே களஞ்சியம். 1993-இல் தொடங்கப்பெற்ற டெபியன் திட்டத்தின் களஞ்சியம் இவற்றுள் பெரியதொன்று. நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ‘பாஸ்’ லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டு இந்திய மொழி வசதிகளைச் சேர்த்து அமைக்கப்பட்டதாகும். பிறர் களஞ்சியத்தை ஏற்றுத் தம் தேவைக்கேற்ற பொதிகளை அதனோடு இணைப்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

மூல நிரலைப் பொதியாக மாற்றும் ஏற்பாடே ஆக்க அமைப்பு எனப்படும். நல்ல ஆக்க அமைப்பு ஒவ்வொரு முறையும் வெறுமையான ஓர் அறையிலிருந்து தொடங்குகின்றது. தேவையென்று எழுதிக் கொடுக்கப்பட்ட பொதிகள் மட்டுமே அவ்வறைக்குள் கொண்டுவரப்படும். எழுதப்படாத பொருள் எதையும் நிரல் சார்ந்திருக்குமாயின், ஆக்கம் தடைப்பட்டு அக்குறை அப்போதே புலப்படும்.

வெளிக் களஞ்சியம் வேண்டுவது ஏன்?

எல்லைப் பகுதிப் பள்ளியொன்றில் இருபது கணிப்பொறிகள் உள்ளன எனக் கொள்வோம். தெலுங்கு, தமிழ் எழுத்துருக்களும் சிறுவர்க்கான ‘ஜீகாம்ப்ரி’ப் பயிற்சி நிரலும் டெபியன் களஞ்சியத்திலேயே கிடைக்கும். ஆயினும் ஓர் ஆய்வுக் கருவிக்கான புதிய நிரலை ஆக்குவதற்கு, அக்களஞ்சியத்தில் இல்லாத நூலகப் பொதியொன்று தேவைப்படலாம். அதனைத் தாமே மூலத்திலிருந்து கட்டுவது பெருமுயற்சி. அதனைப் பேணுவோரின் களஞ்சியத்தை இணைத்துக்கொள்வது எளிது. ஆனால் இணைக்குமுன் மூன்று செய்திகளைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

முதலாவது: கையொப்பம்

களஞ்சியத்தின் தலைமை அட்டவணையில் மின்னணுக் கையொப்பம் இடப்பட்டிருக்கும். அவ்வட்டவணை பொதிப் பட்டியலின் சரிபார்ப்பு எண்ணையும், பொதிப் பட்டியல் ஒவ்வொரு பொதியின் சரிபார்ப்பு எண்ணையும் தாங்கி நிற்கின்றன. ஆகவே ஒரு சாவியைக் கொண்டு ஆயிரக்கணக்கான பொதிகளையும் சரிபார்க்கலாம். வெளிக் களஞ்சியத்தின் சாவியை அனைத்துக் களஞ்சியங்களுக்கும் பொதுவாக ஏற்றுக்கொள்ளாமல், அக்களஞ்சியம் ஒன்றற்கு மட்டுமே செல்லுமாறு கட்டுப்படுத்துதல் வேண்டும்.

கையொப்பம் அனுப்பியவர் இன்னார் என்பதை மெய்ப்பிக்குமேயன்றி, அனுப்பப்பட்ட பொருள் நன்று என்பதை மெய்ப்பிக்காது. 2024-இல் ‘எக்ஸ்இசட்’ என்னும் சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் தீய நிரற்பகுதி மறைத்து வைக்கப்பட்டிருந்ததை ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர் கண்டறிந்து மார்ச்சு 29 அன்று அறிவித்தார். பொதி ஆக்கப்படும் வேளையிலேயே அத்தீங்கு உட்புகுமாறு அமைக்கப்பட்டிருந்தது. டெபியனின் சோதனைப் பிரிவு வரை அது வந்துவிட்டது. நிலைத்த வெளியீட்டை எட்டவில்லை. புதியது என்னும் காரணத்தால் மட்டும் ஒரு பதிப்பை ஏற்றல் தகாது என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது: முன்னுரிமை

ஒரே பெயருள்ள பொதி இரு களஞ்சியங்களிலும் இருந்தால் எது எடுக்கப்படும்? டெபியன் முறையில் களஞ்சியங்களின் இயல்பான முன்னுரிமை எண் 500. எண்கள் சமமாயின் உயர்ந்த பதிப்பே வெல்லும். எனவே வெளிக் களஞ்சியத்தார் உயர்ந்த பதிப்பெண்ணுடன் வைத்திருக்கும் பொதி, எவரும் கேளாமலே நம் பொதியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 2021-இல் அலெக்ஸ் பிர்சான் என்னும் ஆராய்ச்சியாளர், பெரிய நிறுவனங்களின் உள்பொதிகளுக்குரிய பெயர்களையே பொதுக் களஞ்சியங்களில் உயர்ந்த பதிப்பெண்ணுடன் இட்டு, அந்நிறுவனங்களின் அமைப்புகள் ஏமாறுவதை வெளிப்படுத்தினார்.

இதனைத் தவிர்க்க வெளிக் களஞ்சியத்திற்கு 100 என்னும் தாழ்ந்த எண் கொடுக்கலாம். அவ்வாறு செய்தால் நம் களஞ்சியத்தில் இல்லாத பொதிகள் மட்டுமே அதிலிருந்து வரும். குறிப்பிட்ட பொதி அறவே வரலாகாது எனின் எதிர்மறை எண் இடுதல் போதும்.

மூன்றாவது: நிலைபேறு

வெளிக் களஞ்சியம் என்றும் ஓரிடத்தில் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 7-இன் ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிவுற்றது. அதன்பின் அதன் களஞ்சியங்களுக்கு வழிகாட்டிய முகவரி நிறுத்தப்பட்டது. அம்முகவரியை நம்பியிருந்த ஆக்க அமைப்புகள், தம்முடைய நிரலில் ஓர் எழுத்தும் மாறாதிருக்கவும், செயலற்றுப் போயின. பொதிகள் பழைய பதிப்புகளுக்கான வேறொரு சர்வரில் இருந்தன. முகவரிகளை ஒவ்வொன்றாக மாற்றிய பின்னரே பணி தொடர்ந்தது.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையேயுள்ள காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் அமைந்துள்ளது. வளிமண்டலம் போன்ற துறைகளில் அளவீடுகள் பல்லாண்டுத் தொடராகச் சேர்க்கப்படுவதால், பத்தாண்டுக்கு முந்தைய கணக்கை அதே நிரலால் மீண்டும் போட்டுப் பார்க்கும் தேவை எழும். அந்நாளைய பொதிகள் கிட்டாவிடில் பழைய முடிவையும் புதிய முடிவையும் ஒப்பிடுதல் அரிதாகும். ஆகவே பயன்படுத்திய பொதிகளின் படிகளைத் தம்மிடமே வைத்துக்கொள்வது நன்று. டெபியனுக்கு 2005 முதலாகத் தேதிவாரியான சேமிப்பகம் ஒன்று உண்டு.

இணைய வசதி குறைந்த இடங்களுக்கு ‘ஓப்பன் பில்டு சர்வீஸ்’ பின்பற்றும் முறை ஏற்றது. அது வெளிக் களஞ்சியத்தின் அட்டவணையை மட்டும் முதலில் பெறுகின்றது. ஆக்கத்திற்கு வேண்டிய பொதியை, தேவை நேரும்போது மட்டும் தருவித்துத் தன்னிடத்தே வைத்துக்கொள்கிறது. களஞ்சியம் முழுவதையும் படியெடுக்கும் செலவு இதனால் மிச்சமாகும்.

களப் பணியாளர் கவனிக்க வேண்டியவை

இணைக்கும் ஒவ்வொரு வெளிக் களஞ்சியத்திற்கும் ஒரு பதிவேட்டில் இடம் ஒதுக்குக. அதன் முகவரி, பேணுவோர், சாவியின் அடையாள எண், இணைத்த தேதி, எந்தப் பொதிக்காக இணைக்கப்பட்டது என்பனவற்றை அதில் குறித்திடுக. சாவியைக் களஞ்சியத்திலிருந்தே எடுத்து நம்பிவிடாமல், பிறிதொரு வழியால் அதன் அடையாள எண்ணைச் சரிபார்த்தல் வேண்டும். ‘கையொப்பம் பொருந்தவில்லை’ என்னும் எச்சரிக்கை வந்தால், சோதனையை நீக்கிவிட்டுப் பணியைத் தொடர்வது பெரும் பிழையாகும். புதிய பதிப்பை முதலில் ஒரு கணிப்பொறியில் சோதித்து, பின்னரே ஏனைய கணிப்பொறிகளுக்கு விடுக. தேவை தீர்ந்த களஞ்சியத்தை நீக்கி, நீக்கிய தேதியையும் அதே பதிவேட்டில் எழுதி வைத்தல் வேண்டும்.