வரம்பில் எழும் ஐந்து வினாக்கள்

இரத்தோட்டையைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளில், நக்கிள்ஸ் மலைச்சாரலிலிருந்து இறங்கும் ஓடைநீரைக் கொண்டு நெல் செய்யப்படுகின்றது. பெரும்போகத்தில் நெல் விளைந்த வயல்களுட் சில, சிறுபோகத்தில் மிளகாய், கறிமிளகாய், தக்காளி, போஞ்சி முதலிய மரக்கறிகளுக்கு இடங்கொடுக்கின்றன. ஒரே மண்ணில் இருவகைப் பயிரையும் செய்பவருக்குப் பல வினாக்கள் தோன்றுவது இயல்பு. வரம்பில் இளைப்பாறும்போதும், வக்கடையைத் திறந்துவிட்டுக் காத்திருக்கும்போதும் அவை பேச்சில் எழுகின்றன. வேலை தொடங்கியதும் மறக்கப்படுகின்றன.

இவை வெறும் பொழுதுபோக்கு வினாக்கள் அல்ல. இவற்றிற்கு நாம் கொள்ளும் விடை சரியானதாயின் பயிர் பிழைக்கும். தவறானதாயின் விதைக்கும் பசளைக்கும் செலவிட்ட பணமும் பட்ட பாடும் வீணாகும். ஆதலால், அத்தகைய ஐந்து வினாக்களும் அவற்றின் விடைகளும் இங்கே தரப்படுகின்றன.

1. நெல் நீரில் நின்று செழிக்க, மிளகாய் நீரில் நின்று வாடுவது ஏன்?

மனிதரைப் போலவே வேரும் சுவாசிக்கின்றது. அதற்கு ஒட்சிசன் வேண்டும். காய்ந்த மண்ணின் துகள்களுக்கிடையே காற்று நிறைந்திருப்பதால் வேருக்குக் குறைவில்லை. மண்ணில் நீர் தேங்கியதும் அவ்விடைவெளிகள் அடைபடுகின்றன. ஒட்சிசன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். மண்ணில் எஞ்சியிருந்த சிறிதளவு ஒட்சிசனையும் வேர்களும் நுண்ணுயிர்களும் விரைவில் முடித்துவிடுகின்றன.

நெற்பயிர் இதற்கு ஏற்ற அமைப்பை உடையது. அதன் இலையிலிருந்து தண்டின் வழியாக வேர் நுனி வரை காற்றுக் குழாய்கள் உண்டு. நெல்வேரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே வெற்றிடங்கள் இருப்பதைக் காணலாம். மேலிருந்து இறங்கும் காற்றைக் கொண்டு வேர் சுவாசிக்கின்றது. ஒரு பங்கு ஒட்சிசன் வேரைச் சூழ்ந்த சேற்றிலும் கசிந்து, அங்குள்ள இரும்பைத் துருவாக்குகின்றது. நலமுள்ள நெல்வேர் செம்பழுப்பு நிறமாகத் தோன்றுவது அதனாலேயே. பிடுங்கிய வேர் கறுத்து, அழுகிய முட்டையின் நாற்றம் வீசினால், வயலின் நீரை வடித்து மண்ணைச் சில நாட்கள் காற்றாட விடுதல் வேண்டும்.

மிளகாய், தக்காளி, கத்தரி ஆகியவற்றின் வேர்களில் இத்தகைய குழாய்கள் போதியளவில் இல்லை. மூச்சடைத்த வேர் நீரை உறிஞ்ச மாட்டாது. இதனாற் செடி நீரிலே நின்றுகொண்டு தாகத்தால் வாடுகின்றது. வாட்டத்தைக் கண்டு மேலும் நீர் பாய்ச்சுவோர் செடியின் முடிவைத் தாமே விரைவுபடுத்துகின்றனர். நெல் வயலில் மரக்கறி செய்வோர் உயர்ந்த பாத்திகளை அமைத்து, அவற்றிடையே ஆழமான வடிகால்களை வெட்டுதல் இன்றியமையாதது.

ஆயினும் வாட்டம் யாவும் நீர்த் தேக்கத்தால் வருவதன்று. பற்றீரியா வாடல் நோயும் இதே தோற்றத்தைத் தரும். வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, வெட்டுமுகம் நீரில் அமிழுமாறு ஒரு கண்ணாடிக் குவளையிலே சில நிமிடங்கள் பிடித்துப் பார்க்க. பால் போன்ற வெண்ணிற இழைகள் நீரில் இறங்கினால் அது பற்றீரியா வாடல் ஆகும். அச்செடியை வேரோடு பிடுங்கி அழித்து, அந்நிலத்தில் அடுத்த போகத்திலே மிளகாய், தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.

2. சேற்றில் கால் வைத்ததும் குமிழி எழுவது ஏன்?

மண்ணின் சூடு வெளிப்படுகின்றது என்று கருதுவாரும் உளர். உண்மையில் அக்குமிழிகளில் பெரும்பங்கு மெதேன் என்னும் வாயுவாகும். காற்றில்லாச் சேற்றில் வைக்கோலும் வேரும் உக்கும்போது சிலவகை நுண்ணுயிர்கள் அதனை உண்டாக்குகின்றன. இத்தாலிய அறிஞர் வோல்ற்றா 1776 ஆம் ஆண்டில் ஓர் ஏரிக்கரைச் சேற்றைக் கிளறி, எழுந்த குமிழிகளைச் சேகரித்து, அவை தீப்பற்றி எரிவதைக் கண்டார். வயலில் எழுவதும் அதே வாயுவே.

குமிழி அளவுக்கு மிஞ்சி எழுந்தால் அஃது ஓர் எச்சரிக்கை எனக் கொள்ளலாம். உக்காத வைக்கோலை உழுது புதைத்து உடனே நாற்று நட்டால், உக்கும் வேலையில் ஈடுபடும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைத் தாம் கவர்ந்துகொள்கின்றன. இளவேருக்குத் தீங்கான அமிலங்களும் தோன்றுகின்றன. நாற்று மஞ்சளித்து நிற்பது இதனாலாகும். இதைப் பசளைக் குறைவு என்று மட்டும் எண்ணி யூரியாவை அள்ளி வீசுவதாற் செலவு கூடுமேயன்றிக் காரணம் நீங்காது.

இதற்காக வைக்கோலை எரித்துவிடுதலும் தகாது. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்த பொற்றாசியத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலிலேயே தங்குகின்றது. எரித்தால் நைதரசன் பெரும்பாலும் புகையோடு போய்விடும். முதல் உழவிலேயே வைக்கோலைப் பரப்பி மண்ணோடு கலந்து, நடுகைக்கு முன் இரண்டு மூன்று வாரங்கள் உக்க விடுவதே ஏற்ற முறை. பயிர் வேரூன்றிய பின், வயலில் எந்நேரமும் நீரைக் கட்டி வைக்காமல், இடையிடையே வற்றவிட்டு மீண்டும் பாய்ச்சுவதால் நீரும் மிஞ்சும், மெதேனும் குறையும். பூக்கும் பருவத்தில் மட்டும் வயல் வற்றுதல் கூடாது.

3. விடியற்காலையில் இலை நுனியில் நிற்கும் நீர் பனியா?

பனியும் உண்டு, பனியல்லாத நீரும் உண்டு. பனி வெளிக்காற்றிலிருந்து இலைமேற் படிவது. இலை முழுவதிலும் சிறு திவலைகளாகப் பரந்திருக்கும். நெல்லிலையின் நுனியிலும், தக்காளி, கோவா இலைகளின் ஓரங்களிலும் தனித்தனி முத்துக்களாகத் தொங்கும் நீரோ செடியின் உள்ளிருந்து வருவது. இரவிலே இலைத் துளைகள் மூடியிருக்க, வேர் நீரை உறிஞ்சி மேலே தள்ளிக்கொண்டிருக்கும். அந்த அழுத்தத்தால் இலை நுனியிலும் ஓரத்திலும் உள்ள நுண்ணிய நீர்வாயில்கள் வழியாக நீர் கசிகின்றது. ஈரமான இரவுக்குப் பின் இம்முத்துக்களைக் காணுதல் வேர் நன்கு வேலை செய்வதற்கு அடையாளமாகும்.

நீர் வெளிவரும் அவ்வாயில் வழியாகவே நோயும் உட்புகக் கூடும். நெல்லின் பற்றீரியா இலைவெளிறல் நோயும், கோவாவின் கருமையழுகல் நோயும் இவ்வழியைப் பயன்படுத்துகின்றன. கோவா இலையின் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஆப்பு வடிவில் மஞ்சள் படர்வது இதனாலேயே ஆகும். இலை ஈரமாயிருக்கையில் பயிரினூடே நடப்பவரின் காலும் உடையும் கையும் நோய்க்கிருமியைச் செடிக்குச் செடி கொண்டுசெல்கின்றன. ஆதலால் போஞ்சி பறித்தல், களையெடுத்தல், கொடி கட்டுதல் ஆகிய வேலைகளை இலை உலர்ந்த பின்னரே தொடங்குதல் நன்று. மரக்கறிக்கு நீரூற்றுவோர் மாலையில் இலைமேல் தெளிப்பதைத் தவிர்த்து, காலையில் வேரடியில் ஊற்றுதல் வேண்டும்.

4. இடிமழைக்குப் பின் பயிர் பச்சை பிடிப்பது ஏன்?

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசன். ஓர் ஏக்கர் நிலத்தின் மேல் நிற்கும் காற்றில் ஏறக்குறைய 30,000 மெற்றிக் தொன் நைதரசன் உளது. அவ்வாறாயின் ஒரு மூடை யூரியாவுக்கு ஏன் பணம் கொடுத்தல் வேண்டும்? காற்றிலுள்ள நைதரசனின் அணுக்கள் இரண்டிரண்டாக மிக இறுகப் பிணைந்துள்ளன. அப்பிணைப்பை அறுக்கப் பயிரால் இயலாது. மின்னலின் கடுஞ்சூடு அதனை அறுக்கின்றது. அதனால் உண்டாகும் நைதரசன் சேர்வைகள் மழையோடு மண்ணுக்கு வருகின்றன. ஆகவே இடிமழை பசளை தரும் என்ற நம்பிக்கையில் உண்மை உண்டு.

ஆனால் அதன் அளவை அறிதல் வேண்டும். இவ்வாறு ஓர் ஏக்கருக்கு ஓராண்டிற் கிடைப்பது சில கிலோகிராமுக்கு மேற்படாது. ஒரு தொன் நெல் விளைவதற்கோ 15 முதல் 20 கிலோகிராம் வரை நைதரசன் வேண்டும். மழைக்குப் பின் தோன்றும் பசுமைக்குப் பெருங்காரணம் நிலத்திலேயே உள்ளது. காய்ந்து கிடந்த மண் நனைந்ததும் நுண்ணுயிர்கள் விழித்தெழுந்து, சேதனப் பொருளை உக்கச் செய்து, அதிலிருந்த நைதரசனைப் பயிருக்கு விடுவிக்கின்றன. இரத்தோட்டைப் பகுதியில் மார்ச், ஏப்பிரல் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை வழக்கம். அக்காலத்தில் சரிவு நிலம் வெறுமையாய்க் கிடந்தால், விடுபட்ட சத்தும் மேல்மண்ணும் ஓடையோடு போய்விடும்.

மின்னல் செய்வதைச் சத்தமின்றிச் செய்வன அவரையினப் பயிர்களின் வேர் முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள். 1888 ஆம் ஆண்டில் ஒல்லாந்து அறிஞர் பெயரிங்க் இவற்றைப் பிரித்தெடுத்தார். பயறு, கௌபீ ஆகியவற்றின் முடிச்சை நகத்தாற் கீறும்போது உள்ளே இளஞ்சிவப்பாயிருந்தால் அது வேலை செய்கின்றது என அறியலாம். மிளகுக் கொடிக்குத் தாங்குமரமாக நிற்கும் கிளிரிசிடியாவும் இவ்வினத்ததே. அதன் இலை சிறந்த பசுந்தாட் பசளை. ஜேர்மனிய அறிஞர் ஹாபர் 1909 இல் காட்டிய வழியால் காற்றின் நைதரசன் தொழிற்சாலையில் அமோனியாவாக மாற்றப்படலாயிற்று. இன்றைய யூரியா அதிலிருந்து வருவது. 50 கிலோகிராம் மூடையொன்றில் 23 கிலோகிராம் நைதரசன் உண்டு.

2021 மே மாதத்தில் இந்நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அதை அடுத்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் குறைந்ததை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். சேதனப் பசளை மண்ணை வளர்ப்பது. ஆயினும் அதிலுள்ள நைதரசன் குறைவு, மெதுவாகவே கிடைக்கும். இரண்டையும் அளவறிந்து சேர்த்து இடுவதே பயிருக்கும் பணப்பைக்கும் நன்மை. பெருமழை வரும் அறிகுறியுள்ள நாளில் யூரியா இடுதல் அதனை ஓடையில் இடுவதற்கு ஒப்பாகும்.

5. மிளகாய்க்கு அருகில் நட்டால் கறிமிளகாய் காரமாகுமா?

அயலவரின் மிளகாய்ப் பாத்தியைக் குறைகூறுவோர் இதனைக் கவனித்தல் வேண்டும். தேனீ மிளகாய்ப் பூவின் மகரந்தத்தைக் கறிமிளகாய்ப் பூவிற் சேர்த்தாலும், அப்பூவிலிருந்து வரும் காய் காரமாவதில்லை. காயின் சதையும், காரம் தங்கும் இடமாகிய உள்ளிருக்கும் வெண்ணிறத் தசையும் தாய்ச்செடிக்கு உரியவை. அவற்றை மகரந்தம் மாற்றாது. விதைக்குள் இருக்கும் இளஞ்செடியே கலப்பினால் மாறுகின்றது.

அவ்விதையை எடுத்து அடுத்த போகத்தில் நட்டால்தான் கலப்பு வெளிப்படும். காரத்தைத் தரும் இயல்பு மற்றதை மேற்கொள்ளும் தன்மையது. எனவே கலப்பு விதையிலிருந்து வரும் செடி காரமான காயையே தரும். கறிமிளகாய் என்று தம்புள்ளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லப்பட்ட மூடை, கடித்துப் பார்த்த வியாபாரியால் திருப்பப்படின், அதற்குக் காரணம் இவ்வாண்டின் அயற்பாத்தி அன்று. சென்ற போகத்தில் விதை எடுத்த முறையாகவே இருக்கக் கூடும். சிறிது காரமுள்ள இனமாயின், நீர்ப்பற்றாக்குறையாலும் காரம் கூடுவதுண்டு.

ஆகையால் விதைக்கென விடும் கறிமிளகாய்ச் செடிகளை மிளகாய்ப் பாத்திகளிலிருந்து ஏறக்குறைய 400 மீற்றர் தொலைவில் வளர்த்தல் வேண்டும். அத்துணை இடமில்லாதவர், பூக்கும் முன்னரே சில கிளைகளை மெல்லிய வலைத்துணியால் மூடி, அவற்றிற் காய்க்கும் காய்களிலிருந்து மட்டும் விதை எடுக்கலாம். கலப்பின விதை வாங்கிப் பயிரிட்டவர் அக்காயிலிருந்து மீண்டும் விதை எடுத்தலாகாது. அடுத்த தலைமுறையில் செடிகள் பலவாறாகப் பிரிந்துவிடும்.

மேற்கூறிய ஐந்தும் விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, வயலிலேயே ஆராய்ந்து பார்க்கத்தக்கவை. ஒரு நெல்வேரின் நிறம், ஒரு குவளை நீர், வேர் முடிச்சில் ஒரு நகக்கீறல் ஆகிய இவை பயிரின் நிலையைத் தெளிவாக அறிவிக்கும். பிள்ளைகள் இத்தகைய வினாக்களைக் கேட்கும்போது அவர்களைத் தடுக்காது, வயலுக்கு அழைத்துச் சென்று காட்டுதல் நன்று. விடை அறிய இயலாத வினாக்களைக் குறித்து வைத்து, பிரதேச விவசாயப் போதனாசிரியரிடமோ, கமநல சேவை நிலையத்திலோ, 1920 என்னும் தொலைபேசி இலக்கத்திலோ கேட்டறிந்துகொள்ளலாம். காரணம் அறிந்து செய்யும் வேலையிற் செலவு குறையும், விளைவு கூடும்.