கரண்டிக் காம்பில் ஓர் இலக்கம்

ஊவாவின் தோட்டப்புறங்களில் மரக்கறிப் பாத்தி கொத்தும்போதும் பழைய லயன்களை இடிக்கும்போதும் சில வேளைகளில் கனமான கரண்டியோ முள்ளுக்கரண்டியோ வெளிவரும். "துரை பங்களாச் சாமான்" என்று அது பழைய இரும்புக்காரரிடம் போய்விடும். அதற்கு முன் காம்பைத் திருப்பிப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

காரணம், பதுளை மாவட்டத்தின் தியத்தலாவை நூறு வருடங்களுக்கும் மேலாக இராணுவ நகரம். தென்னாபிரிக்காவில் பிரித்தானியரிடம் சிறைப்பட்ட போவர்கள் 1900இல் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். இலங்கைக்கு வந்தவர்கள் சுமார் 5,000 பேர். அவர்களுடைய பிரதான முகாம் இதுதான். இரண்டாம் உலகப்போரின் ஆரம்பத்தில் ஜெர்மானியர்களும் இங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள்.

முதலில் தேட வேண்டியது அம்புக்குறி. மூன்று கோடுகள் ஒரு முனையில் சேரும் கோழிக்கால் போன்ற அடையாளம் அது. பிரித்தானிய அரச உடைமை என்று பொருள். அதன் கீழ் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இந்திய இராணுவத்தினுடையது. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், சேவையிலிருந்து கழித்து விற்கப்பட்ட பொருள். அதை வைத்து அங்கே படை இருந்தது என்று சொல்ல முடியாது. 'ஈ.பி.என்.எஸ்.' என்பது வெள்ளி முலாம் பூசியதற்கான குறி. அது மட்டும் இருந்தால் பங்களாச் சாமானாகவும் இருக்கலாம். துருப்பிடிக்காத உருக்கு 1913இல்தான் ஷெஃபீல்டில் உருவானது. ஆகவே அந்த உருக்கில் செய்த கரண்டி போவர் காலத்தது அல்ல.

அடுத்தது இலக்கம். சிப்பாய் தன் கரண்டி மாறிப்போகாமல் இருக்கத் தன் படை இலக்கத்தைக் காம்பில் அடித்துக்கொள்வான். 1920க்கு முன் ஒவ்வொரு படைப்பிரிவும் தனித்தனியாக இலக்கமிட்டதால் ஒரே இலக்கம் பலருக்கு இருந்தது. அதன்பின் பிரிவுவாரியாக இலக்கத் தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. எனவே பிந்திய இலக்கம் படைப்பிரிவைக் காட்டும், ஆவணங்களில் தேடினால் ஆளின் பெயரைக்கூடத் தரும்.

புளியோ சாம்பலோ போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து அழிந்துவிடும். தண்ணீரில் மெல்லக் கழுவி, டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசினால் இலக்கம் பதியும். எங்கே, எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்றும் குறித்து வையுங்கள்.

வெள்ளைக்காரச் சிப்பாயின் கரண்டி நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. கடைசி யுத்தம் அவர்களையும் விடவில்லை. 2023 ஜூனில் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய்க்கு மண் வெட்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. அந்தப் புதைகுழியில் இலக்கத் தகடுகளும் கிடைத்தன. காணாமற்போனவரைத் தேடும் தாய்க்கு அப்படியொரு இலக்கம் வெறும் உலோகம் அல்ல.

ஆனால் வடக்கு கிழக்கில் மண்ணுக்குள் உலோகம் தெரிந்தால் தொடாதீர்கள், கிண்டாதீர்கள். அது வெடிபொருளாக இருக்கலாம். எலும்போ சீருடைத் துணியோ தெரிந்தாலும் எதையும் எடுக்காமல், தூரத்திலிருந்து படம் பிடித்துக்கொண்டு, கிராம அலுவலருக்கும் பொலிஸுக்கும் அறிவியுங்கள். நீதவான் முன்னிலையில் தோண்டி எடுக்கும் பொருளே சாட்சியாகும். வீட்டுக்கு எடுத்துவந்து கழுவி வைத்தால், அது கிடந்த இடம் சொல்லக்கூடிய கதை அங்கேயே அழிந்துவிடும்.