ஸ்டீவ் ஜாப்ஸும் வோஸ்னியாக்கும் படித்தது ஒரே அரசுப் பள்ளியில்! ஹோம்ஸ்டெட் ஹைஸ்கூலில் அப்படி என்ன ஸ்பெஷல்?

ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்டீவ் ஜாப்ஸ், ஸ்டீவ் வோஸ்னியாக் இருவரும் ஒரே பள்ளி மாணவர்கள். ஃபீஸை அள்ளி வாங்கும் தனியார் பள்ளி இல்லை, கட்டணமே இல்லாத அரசுப் பள்ளி. ஆனால், இந்தப் பள்ளிக்கு வந்து சேர்வதற்கு முன்பு ஜாப்ஸ் குடும்பம் வீட்டையே மாற்ற வேண்டியிருந்தது. ஏன் அப்படி?

எங்கே இருக்கிறது இந்தப் பள்ளி?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், குபர்டினோ - சன்னிவேல் எல்லையில் இருக்கிறது ஹோம்ஸ்டெட் ஹைஸ்கூல். 1962ல் திறக்கப்பட்டது. 9 முதல் 12ஆம் வகுப்பு வரை 2,000க்கும் அதிகமான மாணவர்கள் படிக்கிறார்கள். இன்று சிலிக்கான் வேலி என்று சொல்லப்படும் இந்தப் பகுதி, அப்போது பழத்தோட்டங்களை அழித்து வீடுகள் கட்டப்பட்டு வந்த புறநகர்.

ஒன்றாகப் படித்தார்களா?

இல்லை. இங்கேதான் பலர் குழம்பிடுறாங்க. வோஸ்னியாக் 1968ல் படிப்பை முடித்தார். ஜாப்ஸ் முடித்தது 1972ல். இருவரையும் அறிமுகம் செய்து வைத்தவர் பில் ஃபெர்னான்டஸ். இவரும் ஹோம்ஸ்டெட் மாணவர்தான். ஜாப்ஸின் நண்பர், வோஸ்னியாக் வீட்டுத் தெருக்காரர். 1976 ஏப்ரல் 1ல் ஆப்பிள் தொடங்கப்பட்ட பிறகு, அதன் முதல் ஊழியர்களில் ஒருவராகவும் சேர்ந்தார்.

அப்படி என்ன சொல்லிக் கொடுத்தார்கள்?

முக்கியமான பெயர் ஜான் மெக்காலம். கடற்படையில் விமானியாக இருந்துவிட்டு ஆசிரியரானவர். இவர் நடத்திய எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பில் பாடம் வெறும் புத்தகத்தோடு நிற்காது. ஒரு ரூம் நிறைய டிரான்சிஸ்டர், ஒயர், உதிரி பாகங்கள் இருக்கும். மாணவர்கள் கையால் செய்து பார்க்கலாம்.

வோஸ்னியாக்குக்கு வகுப்புப் பாடம் போதவில்லை என்பதைப் புரிந்துகொண்ட மெக்காலம், வாரம் ஒருநாள் சில்வேனியா நிறுவனத்துக்கே போய் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதிப் பழக ஏற்பாடு செய்தார். கம்ப்யூட்டரைப் பெரிய நிறுவனங்களில் மட்டுமே பார்க்க முடிந்த காலம் அது!

ஜாப்ஸ் கதை வேற மாதிரி. மெக்காலத்தின் மூன்று வருட வகுப்பில் அவர் ஒரு வருடம்தான் இருந்தார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

சேட்டைக்கும் குறைவில்லை. 12ஆம் வகுப்பில் வோஸ்னியாக், 'டிக் டிக்' என்று சத்தம் போடும் மெட்ரோனோம் கருவியை வெடிகுண்டு போல செட் பண்ணி லாக்கரில் வைத்தார். பள்ளி முதல்வர் அதைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓட, வோஸ்னியாக் ஓர் இரவு சிறார் காப்பகத்தில் தங்க வேண்டியதாயிற்று.

ஜாப்ஸ் குடும்பம் ஏன் வீடு மாறியது?

அமெரிக்க அரசுப் பள்ளிகளில், எங்கே குடியிருக்கிறோம் என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் இடம் கிடைக்கும். முதலில் மவுன்டன் வியூவில் குடியிருந்தபோது, நடுநிலைப் பள்ளியில் சக மாணவர்களின் தொல்லையால் ஜாப்ஸ் தவித்தார். இனி அந்தப் பள்ளிக்குப் போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தார். பெற்றோர் கையில் இருந்த காசையெல்லாம் திரட்டி, சுமார் 21,000 டாலருக்கு லாஸ் ஆல்டோஸில் ஒரு வீடு வாங்கினார்கள். அது குபர்டினோ - சன்னிவேல் பள்ளி எல்லைக்குள் இருந்தது. பின்னாளில் ஆப்பிள் வளர்ந்த கராஜ் இந்த வீட்டில்தான் இருக்கிறது.

ஜாப்ஸின் அப்பா மெஷினிஸ்ட், அம்மா அலுவலகத்தில் கணக்கு வேலை பார்த்தவர். இருவருமே கல்லூரிப் படிப்பை முடித்தவர்கள் இல்லை.

இன்றைக்கு இது முடியுமா?

ரொம்பக் கஷ்டம். குபர்டினோ பகுதியில் ஒரு தனி வீடு 20 லட்சம் டாலரைத் தாண்டுவது இப்போது சகஜம். நல்ல பள்ளி இருப்பதால் வீட்டு விலை ஏறுகிறது. வீட்டு விலை ஏறுவதால் பள்ளிக்கு வரும் சொத்து வரியும் கூடுகிறது.

பணக்கார ஏரியா பிள்ளைகளுக்கு மட்டும் நல்ல கல்வியா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது. உள்ளூர் சொத்து வரியை நம்பி பள்ளிகளை நடத்துவது சமத்துவத்துக்கு எதிரானது என்று 1971ல், 'செரானோ எதிர் பிரீஸ்ட்' வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் கூறியது. அதன்பின் நிதியைச் சமப்படுத்த மாநில அரசு சட்டங்களை மாற்றியது. ஆனாலும், அரசு நிர்ணயிக்கும் தொகையைவிட உள்ளூர் வரி அதிகமாக வந்தால், மிச்சத்தை அந்தப் பகுதிப் பள்ளிகளே வைத்துக்கொள்ளலாம். ஹோம்ஸ்டெட்டை நடத்தும் ஃப்ரீமான்ட் யூனியன் பள்ளி மாவட்டமும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால்...

ஜாப்ஸ், வோஸ்னியாக் வெற்றிக்குப் பள்ளி மட்டுமே காரணம் இல்லை. சுற்றிலும் எச்.பி., லாக்ஹீட் போன்ற நிறுவனங்கள், தெருவுக்குத் தெரு இன்ஜினீயர்கள் என்று ஊரே ஒரு ஒர்க்‌ஷாப்பாக இருந்தது. ஆனால் அந்த வாய்ப்பு ஒரு மெஷினிஸ்ட் மகனின் கைக்கு எட்டியதற்குக் காரணம், ஃபீஸ் இல்லாத பள்ளியும் சம்பளத்துக்குள் வாங்க முடிந்த வீடும்தான். ஹோம்ஸ்டெட்டில் இப்போதும் ஃபீஸ் இல்லை. வீடுதான் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.