ஸ்கூட்டருக்கும் கணக்கு நோட்டு வேண்டும்!

கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று காலண்டரில் குறித்து வைக்கும் நாம், ஸ்கூட்டருக்குப் போடும் பெட்ரோலுக்கு மட்டும் கணக்குப் பார்ப்பதே இல்லை.

நான் இட்லி மாவு அரைத்து, ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடுகிறேன். தினமும் 20 கி.மீ. ஓட்டம். 2015-ல் வாங்கிய கார்புரேட்டர் வண்டி. போன வருஷம் மாவில் வந்த லாபத்தையெல்லாம் பெட்ரோலே தின்றது. மெக்கானிக்கிடம் காட்டினால், "இன்ஜினை இறக்கணும்க்கா, 6,000 ரூபாய் ஆகும்" என்றார். கையில் இருந்ததோ மகளின் ஸ்கூல் ஃபீஸ் பணம். "ஒரு வாரம் பொறு தம்பி" என்று வந்துவிட்டேன்.

முதலில் டேங்க்கை ஃபுல் செய்து, மீட்டரை நோட்டில் குறித்தேன். 152 கி.மீ. ஓடியதும் அதே பங்க்கில் மறுபடி ஃபுல். 4 லிட்டர் பிடித்தது. ஆக, லிட்டருக்கு 38 கி.மீ.தான்!

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டு டயரிலும் காற்று கம்மி. மெயின் ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் பிரேக் பிடித்தபடியே சுற்றியது. ஏர் ஃபில்டரில் ஒரே புழுதி. அடுப்பில் காற்று போதாவிட்டால் மஞ்சளாய் எரிந்து பாத்திரம் கரி பிடிக்குமே, அதே கதைதான். காற்று குறைந்தால் பெட்ரோல் முழுசாக எரியாமல் வீணாகும். பேப்பர் ஃபில்டரைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

வேறொரு மெக்கானிக்கிடம் ஃபில்டரை மாற்றி, பிரேக்கைச் சரி செய்ததில் 450 ரூபாய்தான் செலவு. அடுத்த தடவை அதே 4 லிட்டருக்கு 188 கி.மீ. ஓடியது. லிட்டருக்கு 47! மாசம் 3 லிட்டர் மிச்சம். லிட்டர் 100 ரூபாய் என்றாலும் வருஷத்துக்கு 3,600 ரூபாய் ஆச்சே!

இன்னும் சில: காலையில் இழுத்த சோக்கை, இன்ஜின் சூடானதும் உள்ளே தள்ளிவிடுங்கள். ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்காமல் சீராக ஓட்டுங்கள். ரயில்வே கேட்டில் இன்ஜினை அணைத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை காற்று பாருங்கள்.

2025-ல் பெரும்பாலான பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனாலுக்குச் சக்தி குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதற்காகப் பயந்து இன்ஜினைப் பிரித்துவிடாதீர்கள். சைலன்சரில் நீலப் புகை வந்தாலோ, இன்ஜின் ஆயில் சீக்கிரம் குறைந்தாலோ மட்டும் தாமதிக்காமல் காட்டுங்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது கையில் இந்தக் கணக்கு நோட்டையும் கொண்டு போங்கள், தோழிகளே!

– ஒரு வாசகி, திண்டுக்கல்.